மூன்றாவது ராட்

பாப்பாவின் அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நான் நலம். விடுதியில் பாப்பாவும் நலம். அவளுக்குக் கடைசிப் பருவத் தேர்வு நெருங்குகிறது. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டால் "பரவாயில்லை" என்பீர்கள், அதனால் கேட்கவில்லை. போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நம் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு நான்கு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இது நான்கு நிமிடத்தில் அடங்காது.

கார் தயாராகிவிட்டது. இந்தச் செய்தி உங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருக்கும். வியாழக்கிழமை எஞ்சின் ஓடியதும் ஒர்க்‌ஷாப் நடத்தும் உங்கள் தோழி முதலில் உங்களைத்தான் கூப்பிட்டாள், அப்புறம்தான் என்னை.

போன வாரம், அங்கேயே வேலையைத் தொடர்வதற்கான ஒப்பந்த நீட்டிப்புத் தாள் மறுபடி வந்திருக்கிறது, மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்றீர்கள். போடட்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இது மூன்றாவது நீட்டிப்பு. முதல் இரண்டு தடவையும் அதே சரியைத்தான் சொன்னேன்.

மூன்றாம் முறையாகப் பேரிங் போய், கார் நடுரோட்டில் கடகடவென்று சத்தம் போட்டு நின்ற பிறகு, சனிக்கிழமைதோறும் நானே ஒர்க்‌ஷாப்புக்குப் போய் உட்கார்ந்து வேலையைக் கவனிக்கிறேன் என்றேன் அல்லவா? நல்லது என்றீர்கள். உண்மையில் நான் எஞ்சினைக் கவனிக்கப் போகவில்லை. உங்கள் பாலிடெக்னிக் தோழியைக் கவனிக்கப் போனேன். ஒரே பேரிங் ஒன்றரை வருடத்தில் மூன்று தடவை போகிறது, ஒவ்வொரு தடவையும் நீங்கள் இருவரும் வாரக்கணக்கில் போனில் பேசுகிறீர்கள். வேண்டுமென்றே அரைகுறையாகச் செய்கிறாளோ என்று சந்தேகப்பட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சந்தேகப்பட்டேன்.

அழகாக இருப்பாள் என்று நினைத்துப் போனேன். பாதி நரைத்த முடியைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண்ணாடியைக் கயிற்றில் மாட்டித் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தாள். அது எனக்கு ஆறுதலாக இல்லை. கழற்றிய பாகங்களைப் பழைய செய்தித்தாள் மேல் வரிசை பிசகாமல் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் எண் எழுதி வைத்திருந்தாள். குறை சொல்லத் தேடினேன், கிடைக்கவில்லை. எனக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க டீச்சரம்மா, புடவை பத்திரம்" என்றாள். பதினெட்டு வருடமாகக் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன், டீச்சரம்மா ஆகிவிட்டேன்.

இரண்டாவது சனிக்கிழமை நீங்கள் கூப்பிட்டீர்கள். கையெல்லாம் எண்ணெய் என்பதால் அவள் போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். "என்ன நெட்டை, சாப்பிட்டாச்சா?" என்று ஆரம்பித்தாள். உங்களை நெட்டை என்று கூப்பிடுவார்கள் என்பது இருபத்திரண்டு வருடத்தில் எனக்குத் தெரியாது. நீங்கள் சிரித்தீர்கள். அங்கே மெஸ்ஸில் யாரோ குழம்பில் உப்புக்குப் பதில் சர்க்கரையைக் கொட்டிய கதையைச் சொன்னீர்கள். அது எனக்கு வராத கதை. பிறகு அவள், "டீச்சரம்மா இங்கதான் இருக்காங்க, பேசறியா?" என்று கேட்டாள். உங்கள் குரல் சட்டென்று இறங்கியது. "அப்படியா, சரி சரி, நாளைக்கு வீட்டுக்குப் பேசறேன்" என்றீர்கள். நான் அந்தச் செய்தித்தாளில் இருந்த பழைய விளம்பரம் ஒன்றை முழுவதுமாகப் படித்து முடித்தேன்.

போனை வைப்பதற்கு முன் அவள் காரணம் சொன்னாள்: "ஆயில் பம்ப் தேஞ்சு போச்சு நெட்டை. எண்ணெய் சரியா ஏறல, அதான் பேரிங் தாங்கல. மாத்திடறேன்." "நான் அப்பவே நினைச்சேன்" என்றீர்கள்.

எனக்கு அது ஒட்டவில்லை. பம்ப் தேய்ந்திருந்தால், ஒவ்வொரு பிஸ்டனையும் பிடித்திருக்கும் நான்கு ராடின் பேரிங்குகளும் அல்லவா கஷ்டப்பட வேண்டும்? மூன்று தடவையும் மூன்றாவது ராடில் மட்டும் போயிருக்கிறது. மற்ற மூன்றும் கண்ணாடி மாதிரி இருந்தன. தற்செயலாக அப்படி நடக்காது, இதைச் சொல்லிக் கொடுத்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். அடுத்த சனிக்கிழமை அவள் எஞ்சினில் பம்ப்பைப் பூட்டும்போது பார்த்தேன். முதல் நாள் செய்தித்தாள் மேல் பார்த்த, பச்சைப் பெயின்ட் தீற்றிய அதே பழைய பம்ப்.

மகிழ்ச்சியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆளைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். என் கணவரிடம் ஏன் பொய் சொன்னீர்கள் என்று நேராகவே கேட்டேன்.

அவள் வெகுநேரம் கையைத் துடைத்தாள். பிறகு அலமாரியில் துணி சுற்றி வைத்திருந்த ஒரு ராடை எடுத்து வந்தாள். பழைய மூன்றாவது ராட். அதன் பெரிய வளையம் இரண்டு பாதிகளாக இருக்கிறது. கீழ்ப்பாதியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, "விளிம்பைத் தடவிப் பாருங்க" என்றாள். கீறல்கள் விரலில் தட்டுப்பட்டன. யாரோ அந்த விளிம்பை அரத்தால் தேய்த்துக் குறைத்திருக்கிறார்கள். தேய்த்தால் பிடிப்பு இறுகும், சத்தம் நிற்கும். ஆனால் வட்டம் வட்டமாக இருக்காது, முட்டையாகிவிடும். அதற்குள் எத்தனை புதுப் பேரிங் போட்டாலும் பக்கவாட்டில் நெரிந்து சாகும். போன தடவையே இதை அளந்திருக்க வேண்டும், "ராட் எல்லாம் நான் பாத்தாச்சு, பேரிங் மட்டும் போடு" என்று நீங்கள் சொன்னதை நம்பி அளக்காமல் விட்டது தன் தப்பு என்றாள். இந்தத் தடவை அளந்து பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் வேறு ராட் போட்டிருக்கிறாள்.

அரத்தால் தேய்த்தது யார் என்று கேட்டேன்.

"தடம் தெரியலையா டீச்சரம்மா? இடது பக்கமா சாய்ச்சே தேய்ப்பான். இதுக்காகவே வாத்தியார்கிட்ட ஸ்கேலால அடி வாங்குவான்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாங்குவாரு" என்று திருத்திக்கொண்டாள். திருத்தியதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

ஒன்றரை வருடத்துக்கு முன், போன விடுமுறையில், நீங்கள் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது எஞ்சினில் தட்டும் சத்தம் வந்தது. சரியான அளவுப் பேரிங் கிடைக்கவில்லை என்று கராஜுக்குள் போனீர்கள். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அரம் தேய்க்கும் சத்தம் ஒரு மணி நேரம் கேட்டது. என்ன செய்கிறீர்கள் என்று எழுந்து வந்து பார்க்கவில்லை. சத்தம் நின்றுவிட்டது என்று நீங்கள் வந்து சொன்னபோது சரி என்றேன்.

ஏன் உங்களிடம் மறைக்க வேண்டும் என்று கேட்டதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அங்க இருபது பேருக்கு எஞ்சின் கத்துக்குடுக்கிற ஆளு. இது தெரிஞ்சா தனியா உக்காந்து இதையே நினைச்சு நொந்து போவாரு. பம்ப்னு சொல்லிட்டா பம்ப் ஒண்ணும் வருத்தப்படாது. நீங்களும் சொல்லிடாதீங்க." நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அவளைப் பற்றி நான் நினைத்தது எதுவும் உண்மையில்லை. அதனால் பொறாமை குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். ஒரு இரும்புத் துண்டில் இருக்கிற கீறலைப் பார்த்து உங்களை அடையாளம் கண்டுகொள்கிறாள். எது சொன்னால் உங்களுக்கு வலிக்கும் என்று தெரிந்து, அதைச் சொல்லாமல் விடுகிறாள். என்னைக் கேட்டால், உங்களுக்கு எது வலிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

சொல்ல மாட்டேன் என்று அவளிடம் தலையாட்டியதை இங்கே மீறியிருக்கிறேன். தவறு என்ன என்று தெரியாமல் நீங்கள் இன்னொரு எஞ்சினில் இதையே செய்துவிடக் கூடாது என்பது ஒரு காரணம். நல்ல காரணம்தான், ஆனால் அதற்காக மட்டும் எழுதவில்லை. உங்களைப் பற்றிய ஒரு விஷயம் அவளுக்கும் எனக்கும் தெரிந்து உங்களுக்குத் தெரியாமல் இருப்பதை என்னால் ஒரு வாரம்கூடத் தாங்க முடியவில்லை. அவள்மேல் கோபப்படாதீர்கள். அவள் உங்களுக்கு நல்லது செய்தாள். சொன்னது நான்.

காரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். முதல் ஆயிரம் கிலோமீட்டர் விரட்டாமல் ஓட்ட வேண்டுமாம். கல்லூரிக்குப் போய்வர இருபத்திரண்டு. கணக்குப் போட்டால் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் தீர்க்கிறார்கள். ஆயில் பிரஷர் முள் எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டு வைத்திருக்கிறேன், தினமும் பார்க்கிறேன். அதைப் பற்றி யாராவது கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியும்.

நீட்டிப்புத் தாளைப் பற்றி: இந்தத் தடவை நான் சொன்ன சரியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

இதைப் படித்ததும் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். அந்தக் கோபத்தை அவளிடம் போய்ச் சொல்லி ஆற்றிக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவும் வேண்டாம். எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிட்டு, திட்ட வேண்டியதை என்னிடமே திட்டுங்கள். நான்கு நிமிடத்தில் வைக்க மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
போன் பக்கத்திலேயே இருக்கும்
உங்கள் மனைவி