கட்டிலுக்கு வந்த பொம்மை

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். மூட்டுவலி தேவலையா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நேற்று எங்கள் விடுதி அறையிலேயே முதலுதவிப் பயிற்சி வைத்தார்கள். போன மாதம் மாரடைப்பில் இறந்த வெல்டர் அண்ணனின் கட்டில் காலியாக இருந்ததால், பயிற்சிக்கு வந்த ரப்பர் பொம்மையை அதில் படுக்கவைத்திருந்தார்கள். "கட்டிலுக்கு ஆள் வந்தாச்சு" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தோம். பிறகு அதைத் தரையில் கிடத்தி, "மூச்சு இல்லன்னா தண்ணி தெளிச்சிட்டு நிக்காதீங்க, உடனே நெஞ்ச அமுக்குங்க" என்றார் பயிற்சி தந்தவர். நான்தான் நன்றாக அமுக்கினேன் என்று கைதட்டினார்கள்.

அன்று ஆம்புலன்ஸ் வரும்வரை அண்ணன் முகத்தில் நான் தண்ணீர்தான் தெளித்துக்கொண்டிருந்தேன், அம்மா.

கை வலிக்கிறது, தைலம் ஒரு பாட்டில் அனுப்புங்கள். வேலைக்கு வண்டி வந்துவிட்டது. வெல்டர் அண்ணனின் மனைவி போன் செய்தால், அன்று அந்த நேரம் நான் வேலையில் இருந்தேன் என்றே சொல்லுங்கள்.

உங்கள் மகன்