வசனம் எழுதுகிறவருக்கு

குன்னூர்,
21.1.2001

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி ராஜப்ரியா எழுதுவது. நானும் குழந்தை பிரீத்தியும் சுகம். உங்கள் சுகத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும், உள்ளபடி.

பச்சைத்தேயிலை விலை இன்னும் ஏறவில்லை. நீங்களும் சில்வஸ்டர் அண்ணனும் கணக்கு எழுதிய பாக்டரியைப் பொங்கலுக்கு முன்பே மூடிவிட்டார்கள். எஸ்டேட் ஆட்களின் லைன் வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கிறது. எல்லோரும் திருப்பூருக்கு இறங்கிவிட்டார்கள்.

நீங்களும் அண்ணனும் வடபழனி அறையில் ராப்பகலாகப் புதுப் படத்துக்கு எழுதுவதாகவும், அண்ணன் என்னை விசாரித்ததாகவும் போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அது வந்த மறுநாள் காலை அதே சில்வஸ்டர் அண்ணன் நம் வாசலில் வந்து நின்றார்.

பின்னால் நீங்கள் பையோடு ஏறி வருவீர்கள் என்று ரோட்டு வளைவு வரை எட்டிப் பார்த்தேன். யாருமில்லை. அவரோ வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தபடி, "தரணி உள்ள இருக்கறானா தங்கச்சி?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நிஜமாகவே தெரியாமல் கேட்கிறாரா, என் வாயைக் கிளறுகிறாரா? என் அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக நீங்கள் கோயமுத்தூர் போயிருப்பதாகப் பொய் சொன்னேன்.

காபி குடிக்கும்போதும் அவர் கண் உள்ளறையிலேயே இருந்தது. நீங்கள் ஒளிந்திருந்து தனியாக ஒரு கதையை முடிக்கிறீர்கள் என்பது அவர் சந்தேகம். அவர்தான் உங்களைக் கழற்றிவிட்டார் என்பது என் சந்தேகம். கேட்டேவிட்டேன்.

மூன்றாவது படம் ஒரே வாரத்தில் தியேட்டரை விட்டுப் போனதும் தயாரிப்பாளர் பழியை எல்லாம் வசனத்தின் மேல் போட்டாராம். பக்கத்தில் இருந்த அண்ணன் வாய் திறக்கவில்லையாம். நீங்கள் எழுந்து போனீர்களாம். தீபாவளிக்குப் பிறகு உங்களைப் பார்க்கவே இல்லையாம். "கதை நான் சொல்லிருவேன் தங்கச்சி. அவன் இல்லாம என் ஆளுங்க பேச மாட்டேங்கறாங்க" என்று அழுதார்.

முதல் படத்தில் 'கதை வசனம்: தரணி–சில்வா' என்று திரையில் வந்தபோது இதே ஊர் தியேட்டரில் சீட் மேல் ஏறி விசிலடித்தவர் அவர். அந்த அழுகையை நம்பத்தான் ஆசை. ஆனால் உங்களோடு சேர்ந்து சர்ச் மேடையில் நாடகம் போட்டவர் ஆயிற்றே, அழத் தெரியாதா? இன்னும் அவர் அக்கா வீட்டில்தான் இருக்கிறார். தினமும் வந்து, கோயமுத்தூரிலிருந்து போன் வந்ததா என்று கேட்கிறார்.

பொங்கலுக்கு மருதாம்பாள் வந்திருந்தாள். எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவள், இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. "ஏனுங்கக்கா, எங்க கம்பெனியில பீஸ் எண்றவரு அச்சு அசலா நம்ம சாராட்டவே இருக்கறாருங்க. என்னயப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாருங்க" என்றாள். சார் சென்னையில் படம் எழுதுகிறார் என்று சிரித்து வைத்தேன். அவள் விடவில்லை. அந்த ஆள் எண்ணுவதை விட்டுவிட்டுப் பெண்கள் பேசுவதையே காது கொடுத்துக் கேட்டு நிற்பாராம், சூப்பர்வைசரிடம் திட்டு வாங்குவாராம்.

அதற்கு மேல் என்னால் சிரிக்க முடியவில்லை.

அதனால் இதைத் தபாலில் போடவில்லை. நாளை திருப்பூர் திரும்பும் மருதாம்பாள் கையில் கொடுக்கிறேன். அந்த பீஸ் எண்ணுகிறவர் நீங்கள் இல்லையென்றால் பிரிக்காமல் திருப்பிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். சில்வஸ்டர் அண்ணனிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். அது உங்கள் இரண்டு பேர் பாடு. நீங்கள் என்ன வேலை செய்தாலும் எனக்குக் குறையில்லை. எனக்கு மட்டும் வசனம் எழுதி அனுப்பாதீர்கள், மாமா.

அந்த மாரியம்மன் உங்களைக் காக்கட்டும். பஞ்சுத் தூசி உங்கள் நெஞ்சுக்கு ஆகாது. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

உங்கள்,
ராஜப்ரியா