கீழே கொலு, மேலே தண்ணீர்

செப். 23, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். ஆபீசில் தலை நிமிரவில்லை, அதற்குள் கீழ்வீட்டில் இருக்கும் எங்கள் ஓனர் கற்பகம் அக்காவின் போன். எங்கள் பின்பால்கனி வாஷிங் மெஷின் பொங்கி, அவர் ஹால் கூரையில் மறுபடி சொட்டுகிறதாம். போன வாரம் துடைத்ததோடு போயிற்று. இப்போது நேர் கீழே கொலு. நேற்றுதான் கலசம் வைத்திருக்கிறார், விஜயதசமி வரை அசைக்கக் கூடாது. பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடியிருக்கிறார். அம்பாள் தலையில் அழுக்குத்துணித் தண்ணீர். யாருக்குத்தான் கோபம் வராது.

மாலை படியேறும்போது நிறுத்திச் சொன்னார்:

“சுதா, உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. இன்னொரு தடவை சொட்டுச்சுன்னா எங்க வீட்டுக்காரரு காலி பண்ணச் சொல்லிடுவாரு. நான் குறுக்க வரமாட்டேன்.”

மாமனாருக்குப் பிராஸ்டேட் ஆபரேஷன் ஆகி இன்னும் ஆறவில்லை. அவர் மகன், என் கணவர், ஓசூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். இந்த நிலையில் எங்கே வீடு தேடுவது? மெஷினை நிறுத்தவும் முடியாது. தினமும் படுக்கை விரிப்பு.

பால்கனியை மாமாவே துடைத்திருக்கிறார். குனியாதே, பாரம் தூக்காதே என்று டாக்டர் சொன்னதெல்லாம் காற்றில். கேட்டால், “திடீர்னு பொங்கிடுச்சும்மா.” அவ்வளவுதான்.

செப். 24, புதன்

லீவு. மெக்கானிக் வந்தார். தாம்பரம் போர் தண்ணீரைத் திட்டிக்கொண்டே, தண்ணீர் உள்ளே வரும் இடத்துச் சல்லடையைக் கழற்றிக் காட்டினார். முழுக்க வெள்ளைப் பொருக்கு. எலுமிச்சை போட்டுத் தேய்த்தேன். பிறகு துணி போட்டுக் கடைசி வரை ஓட்டிப் பார்த்தார். ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

“மெசின் நல்லாத்தான் கீதுக்கா. சோப்பு ஜாஸ்தி போட்டுக்கினு இருப்பீங்க.”

மெக்கானிக் இருந்த நேரம் பூராவும் மாமா அறையை விட்டு வெளியே வரவில்லை. நனைந்த விரிப்பெல்லாம் வாளியில் வெளியாள் கண்ணெதிரே. கூச்சம்.

செப். 25, வியாழன்

பவுடர் பாதி. மெஷினைப் போட்டுவிட்டு வழக்கமான ரயில். பொத்தேரியில் இறங்குவதற்குள் போன். அக்கா கத்தவில்லை. “நீயே வந்து பாரு” என்று வைத்துவிட்டார். அடுத்த ரயிலிலேயே திரும்பினேன்.

ஷீட் ஓரமாக வழிந்திருக்கிறது. காகிதக்கூழ் கிருஷ்ணருக்குக் கன்னம் உரிந்துவிட்டது. கொலு எடுத்ததும் வீட்டு விஷயம் பேசிக்கொள்ளலாம் என்றார் அக்கா.

பார்த்தாகிவிட்டது:
சல்லடை — சுத்தம்
சோப்பு — பாதி
தண்ணீர்க் குழாய் — பாதிதான் திறந்தேன்
மிச்சம் — என் தலையெழுத்து

மெக்கானிக் இருந்தால் ஒழுங்கு, நான் ரயில் ஏறினால் பொங்கல். மெஷினுக்குக் கண் இருக்கிறதா என்ன. ஓசூரிலிருந்து அவர் போனில், அந்தச் சனியனை வித்துத் தொலை என்றார். கத்திவிட்டேன். விரிப்பை யார் துவைப்பது, இவரா?

செப். 26, வெள்ளி

காய்ந்த விரிப்பு ஒன்றுகூட இல்லை. வேறு வழியில்லாமல் அக்காவிடம் சொல்லிவிட்டு, பெர்மிஷன் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தேன். சொட்டவில்லை. இரண்டாவது தடவை துணி போட்டதும் முனைக்கடைக்குப் பால் வாங்கப் போனேன். திரும்பினால் பால்கனியில் மாமா. ஒரு கை சுவரில். கழிவுநீர்ப் பைப்பைக் கொக்கியிலிருந்து எடுத்து, தரையிலிருந்த பக்கெட்டில் விட்டிருக்கிறார்.

மெஷின் இந்தப் பக்கம் தண்ணீர் பிடிக்க, அந்தப் பக்கம் பைப் வழியே எல்லாம் பக்கெட்டுக்கு. நிறையவே இல்லை என்று மெஷின் மேலும் மேலும் பிடிக்க, பக்கெட் நிரம்பி வழிகிறது. பைப்பைத் தூக்கினேன், நின்றது. பழைய மெஷினில் வடிகாலைக் கையால் திருகி மூடுவோம், அதனால் பைப் எப்போதும் கீழேதான் கிடக்கும். இது அப்படியில்லை, பைப் உயரத்தில் இருந்தால்தான் தண்ணீர் உள்ளே நிற்கும்.

“எனக்காகத் தினமும் இவ்ளோ தண்ணி வீணாப் போகுதேம்மா. பாத்ரூமுக்காவது ஊத்தலாம்னு புடிச்சேன். பக்கெட் தூக்கினா நீ திட்டுவே, அதான் சொல்லல.”

பைப்பை விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாராம். பொங்கினதும் ஓடி வந்து துடைத்து, நான் வருவதற்குள் பைப்பைக் கொக்கியில் மாட்டிவிடுவாராம். பைப்பால்தான் பொங்குகிறது என்று அவருக்கும் தெரியவில்லை.

கோபம் தலைக்கேறியது. “இதனாலதான் நம்மள காலி பண்ணச் சொல்றாங்க மாமா” என்றேன். அவர் முகம். சொல்லியிருக்கக் கூடாது.

ஆபீஸ் முடிந்து பல்லாவரம் சந்தை. உயரமான நீல டிரம் ஒன்று. அதை மெஷின் பக்கத்தில் நிறுத்தினால் பைப் இறங்காமலே தண்ணீர் விழும், மாமா மொண்டு ஊற்றிக்கொள்ளலாம். அக்காவிடம், மெக்கானிக் பைப்பைத் தப்பாக மாட்டிவிட்டார் என்று புளுகினேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

செப். 27, சனி

தூறல். அவர் வந்துவிட்டார். மெஷின் போட்டு, பைப் டிரம்மில். திரும்பினால் மாமாவைக் காணோம். கீழே பேச்சுக் குரல், இறங்கி ஓடினேன். ஆபரேஷனுக்கு அப்புறம் முதல்தடவையாகப் படியிறங்கி, இஸ்திரி சட்டையோடு கொலு முன்னால் நிற்கிறார்.

“பைப்பைக் கீழ விட்டது நான்தாம்மா. எனக்குப் படுக்கை நனைஞ்சிடுது, அதான் தினம் துணி. மருமக மேல தப்பில்ல.”

பெற்ற மகனிடம்கூட வாய்விட்டுச் சொல்லாதது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை, நகரவும் முடியவில்லை.

மேலே மெஷின் தடதடவென்று சுற்றுகிறது. அக்கா, அவர் வீட்டுக்காரர், எல்லோரும் கூரையைப் பார்த்தோம். ஓய்ந்தது. சொட்டவில்லை. அக்கா ஷீட்டை மடித்து வைத்துவிட்டு, தட்டில் சுண்டல் கொண்டுவந்தார். உட்காரச் சொன்னார். பரவாயில்லைம்மா என்று மாமா நின்றுகொண்டே இருந்தார். சோபாவுக்குப் புது உறை.

அக்கா சோபாவை ஒரு தடவை பார்த்தார். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துவந்து போட்டார். மாமா உட்கார்ந்தார்.