முதல் வண்டியின் இடம்

இன்று காலை வண்டியைத் தள்ளவேண்டி வந்தது. பேட்டரி படுத்துவிட்டது. காந்தி ரோடு முனையிலிருந்து நம் டாக்சி ஸ்டாண்டு வரைக்கும், ஜன்னல் வழியாக ஒரு கையை விட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, கதவுத் தூணில் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். வெயில் ஏறியிருந்தது. தகரம் சுட்டது. உள்ளங்கையில் அந்தச் சூடு பட்டதுமே உன் குரல் வந்துவிட்டது. "தள்ளுடா மச்சான், சோறு தின்னவன் மாதிரி தள்ளு!" நின்று மூச்சு வாங்கினேன். எனக்கு வயசாகிவிட்டது. உனக்கு அந்தக் கஷ்டம் இல்லை, கொடுத்து வைத்தவன்.

ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, பின் சக்கரத்துக்கு அடியில் கட்டையை வைத்தேன். உன் கட்டைதான். பிள்ளையார்பாளையத்தில் உங்கள் வீட்டுத் தறியில் உடைந்துபோன மரத்துண்டை நீ ஆப்பு மாதிரி செதுக்கி வைத்திருந்தாயே, அது. உன் அம்பாசிடர் காயலான் கடைக்குப் போய் எவ்வளவோ காலம் ஆகிறது. கட்டை மட்டும் என் டிக்கியில் கிடக்கிறது.

இப்போது வண்டி தள்ளுகிறவனைப் பார்த்தால் ஊரே பரிதாபப்படுகிறது. அப்போது அதுதான் நம் தொழிலில் பாதி. முன்னால் நிற்கும் வண்டி சவாரிக்குக் கிளம்பினால் வரிசை முழுக்க ஒரு வண்டி இடம் முன்னே நகரவேண்டும். அதற்குப் போய் எவன் இஞ்சினைக் கிளப்பி டீசலை எரிப்பான்? எல்லாரும் இறங்கித் தள்ளுவோம். டீ குடிக்கப் போகிறவன் கியரை நியூட்ரலில் போட்டுவிட்டுப் போகவேண்டும், அவன் வண்டியைப் பின்னால் நிற்கிறவன் தள்ளிவிடுவான். உனக்குப் பின்னால் பெரும்பாலும் நான். நீயோ ஒரு நாளைக்கு ஒன்பது தடவை டீ குடிப்பவன். உன் வண்டியை நீ தள்ளியதைவிட நான் தள்ளியதுதான் அதிகம் என்று சண்டை போட்டிருக்கிறேன். "அதுக்குத்தான்டா உன்னைப் பின்னாடி வச்சிருக்கேன்" என்பாய். திட்டக்கூடத் தோன்றாது.

காத்திருந்தே செத்த பிழைப்பு அது. காலையில் வந்து நின்றால் முதல் இடத்துக்கு நகர்ந்து வருவதற்குள் உச்சிவெயில் வந்துவிடும். சவாரி கிடைத்தாலும் அங்கேயும் காத்திருப்புதான். புடவைக்கடை வாசலில், கோயில் வாசலில், கல்யாண மண்டப வாசலில். உள்ளே பத்துப் பெண்கள் உட்கார்ந்து ஒரு கூறைப்புடவைக்கு நூறு புடவையைப் பிரித்துப் போடுவார்கள். வெளியே நமக்கு ஒண்ணுக்குப் போக இடம் இருக்காது. நகரவும் முடியாது, பார்ட்டி வந்து டிரைவர் எங்கே என்று கத்தும். அடக்கி அடக்கியே எனக்குக் கல்லடைப்பு வந்தது. உனக்கு இடுப்பு போயிற்று. சீட்டில் தலையணையை மடித்து வைத்துக்கொண்டு ஓட்டினாய். இறங்கும்போது ஒரு நிமிஷம் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாய், பிறகுதான் நடை வரும்.

ஆனாலும் நீ மனிதர்களை எடைபோட ஒரே ஒரு கேள்வி வைத்திருந்தாய். "டிரைவர் சாப்ட்டாரா?" என்று கேட்கிற பார்ட்டியா, கேட்காத பார்ட்டியா? கேட்டுவிட்டால் போதும், அவர்கள் எத்தனை கடை ஏறி இறங்கினாலும் முகம் சுளிக்கமாட்டாய். ஒருமுறை ஒரு கல்யாண வீட்டில் உன்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். அதைப் பல மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். "சம்மந்திக்கு அடுத்த எல நம்மளுதுபா!" இந்தத் தொழிலில் நமக்குக் கிடைத்த சுகமெல்லாம் இப்படித்தான், எங்கேயோ ஒரு வீட்டில், யாரோ ஒருவர் வாயிலிருந்து. அப்புறம், தலைக்கு மேல் முதலாளி என்று எவனும் இல்லை. அதை நீ பெரிதாகச் சொல்வாய்.

ஓரிக்கைக்காரன் வந்த நாள் நினைவிருக்கிறதா? தை மாதம், முகூர்த்த சீசன். நீ முதலில் நிற்கிறாய், நான் உனக்குப் பின்னால். வெளியூர்க் குடும்பம் ஒன்று புடவை எடுத்து முடித்துவிட்டு எதிர் ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சாப்பிட்டதும் திருப்பதி போய்த் திரும்பவேண்டும் என்று உன்னிடம் சொல்லியாகிவிட்டது. அந்த மாதிரி சவாரி கிடைக்க நாம் எத்தனை நாள் தவம் கிடப்போம். அந்த நேரம் பார்த்து ஒரு நெசவாளி சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். "அண்ணே, வூட்ல வலி எடுத்துக்கினு இருக்குதுண்ணே. மொத பிரசவம். ஓரிக்கைக்கு வாண்ணே" என்று கையைக் கூப்பிக்கொண்டு நின்றான். நீ ஒரு தடவை திரும்பி ஓட்டல் வாசலைப் பார்த்தாய். பிறகு குனிந்து கட்டையை எடுத்தாய்.

உன் சவாரியை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. நீ திரும்பி வந்தபோது திருப்பதிப் பார்ட்டியை எனக்குப் பின்னால் நின்ற கபாலி ஏற்றிக்கொண்டு போயிருந்தான். ஸ்டாண்டு செயலாளர், "வண்டி கிளம்புனா நம்பர் முடிஞ்சுதுபா. கடைசிக்குப் போ" என்றார். அதுதான் அப்போது சட்டம். எனக்குக் கோபம் தலைக்கேறியது, நீ என் தோளைத் தட்டிவிட்டு வண்டியைக் கடைசிக்குக் கொண்டுபோனாய். ஆம்பளைப் புள்ள என்று மட்டும் சொன்னாய்.

கபாலி திருப்பதியிலிருந்து லட்டோடு வந்தான். உன் முகத்தைப் பார்க்க முடியாமல் முதல் லட்டை உனக்குத்தான் நீட்டினான். நீ அதை முழுசாகத் தின்று கையைத் துடைத்துக்கொண்ட பிறகு, எல்லார் எதிரிலும் சொன்னாய்.

"லட்டு நல்லா இருக்குது கபாலி. ஆனா ஒண்ணு கேளு. அந்த ஆளு கையைக் கூப்பிக்கினு நிக்கறப்ப, நான் ஒரு தபா ஓட்டலைத் திரும்பிப் பார்த்தேன். நாளைக்கு உன் வூட்டுக்காரிக்கு வலின்னா, மொதல்ல நிக்கிறவன் அதே மாதிரி திரும்பிப் பார்ப்பான். பார்க்காம கிளம்பணும்னா அவன் எடம் அவனுக்காக இருக்கணும். அவ்ளோதான்."

கபாலிதான் முதலில் "சரிபா" என்றான். அன்றிலிருந்து நம் ஸ்டாண்டில் ஆஸ்பத்திரி சவாரிக்கு நம்பர் கழியாது. போன வண்டியின் இடத்தை அப்படியே காலியாக விட்டுவைப்போம், அடுத்த வண்டி அங்கிருந்தே சவாரிக்குப் போகலாம், ஆனால் அந்த இடத்துக்குள் நகரக்கூடாது. புதிதாக வருகிறவர்கள் "முன்னாடி ஏன் காலியா இருக்குது?" என்று கேட்டால், "ஆஸ்பத்திரி போயிருக்குது, வரும்" என்போம். ஓரிக்கைக்காரன் பிள்ளைக்குக் காது குத்தும்போது உன்னைக் கூப்பிட்டுத் தாய்மாமன் பக்கத்தில் உட்கார வைத்தான். அந்த நாளும் உனக்கு ஸ்டாண்டில் பேச ஒரு வருஷத்துக்குப் போதுமானதாக இருந்தது.

உனக்கு ஒரே ஒரு ஆசைதான். "எத்தினி பொண்ணுங்களுக்குக் கூறைப்புடவை எடுக்க ஓட்டிக்கினு போயிருக்கேன்! என் பொண்ணுக்கு எடுக்கப் போறப்ப நான் முன்னாடி உக்காரமாட்டேன்டா. பின் சீட்ல, ஜன்னல் ஓரமா, கால் மேல கால் போட்டுக்கினு வருவேன். நீ ஓட்டு" என்பாய். உன் சொந்த வண்டியில் நீ ஒருநாள்கூடப் பின் சீட்டில் உட்கார்ந்து போனதில்லை. நானும்தான். நாம் பார்த்த ஊரெல்லாம் முன் கண்ணாடி வழியாகப் பார்த்தது.

அன்றைக்கும் முகூர்த்த நாள்தான். முன்னால் நின்ற வண்டி போயிற்று. நீயே இறங்கி உன் வண்டியை முதல் இடத்துக்குத் தள்ளினாய். நான் வருகிறேன் இரு என்றேன், கேட்கவில்லை. தள்ளி முடித்தவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். இடுப்பு என்று நினைத்தேன். வழக்கமாக ஒரு நிமிஷத்தில் நடை வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை. அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாய். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது.

கபாலியும் நானும் உன்னைத் தூக்கி என் வண்டியின் பின் சீட்டில் போட்டோம். கபாலி ஏறப்போனான், நீ கையாட்டி வேண்டாம் என்றாய். ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினேன். பின்னாலிருந்து உன் குரல் வந்தது.

"பின் சீட்டு நல்லாத்தான் இருக்குதுடா."

"வாயை மூடிக்கினு படு, வந்துட்டோம்" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "வண்டிக்குக் கட்டை வச்சியா?" என்றாய்.

வைத்தேனா இல்லையா, எனக்குத் தெரியவில்லை. "வச்சேன்டா" என்றேன். அதற்கு மேல் நீ எதுவும் பேசவில்லை. மூங்கில் மண்டபம் தாண்டுவதற்குள் கண்ணாடியில் உன்னைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் அவர்கள் சொன்னது எனக்குப் புதிதாக இல்லை.

உன் வீட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டு, உன் வண்டியை எடுக்க மதியத்துக்கு மேல் ஸ்டாண்டுக்கு வந்தேன். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். உன் அம்பாசிடர் முதல் இடத்தில் நின்றது. சக்கரத்துக்குக் கட்டை வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் என் இடம் காலியாக இருந்தது. அதற்கும் பின்னால் காலையில் நின்ற அத்தனை வண்டியும் அப்படியே நின்றது. நம் சட்டப்படி அடுத்த வண்டி சவாரிக்குப் போகலாம். ஒருத்தனும் போகவில்லை. முகூர்த்த நாளில், பார்ட்டி மேல் பார்ட்டி வந்து கேட்டிருக்கிறது. "மொத வண்டிக்காரர் ஆஸ்பத்திரி போயிருக்காரு, அவரு வரட்டும்" என்றே எல்லாரையும் திருப்பி அனுப்பியிருக்கிறான் கபாலி.

நான் இறங்கியதும் அவன் என் முகத்தைப் பார்த்தான். காக்கிச் சட்டையின் முனையை வாயில் திணித்துக்கொண்டு அழுதான்.

உன் பெண் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க நான்தான் ஓட்டினேன், உன் வண்டியை. நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் வீட்டுக்காரி ஒரு ஓரமும் பெண் நடுவிலும் உட்கார்ந்தார்கள். மறுபக்க ஜன்னல் ஓரத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். திரும்பும்போது பெண் அந்த இடத்தில் கூறைப்புடவைப் பையை வைத்தாள். கடையில் நாங்கள் உள்ளே இருந்த நேரமெல்லாம் தங்கச்சி, "அண்ணன் சாப்டுச்சா, அண்ணன் சாப்டுச்சா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

இப்போது ஸ்டாண்டு என்று சொல்ல ஒன்றுமில்லை. எல்லார் கையிலும் செல்போன். பார்ட்டி வீட்டிலிருந்தே கூப்பிடுகிறது, டிராவல்ஸ்காரன் ஏசி வண்டி அனுப்புகிறான். வரிசையும் இல்லை, தள்ளுவதும் இல்லை. பையன்கள் வண்டிக்குள்ளேயே சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு போனைப் பார்க்கிறார்கள், பாவம், அவர்களுக்கும் தூக்கம் கெட்ட கண்தான். கபாலி ஓட்டுவதை விட்டுவிட்டான். நான் மட்டும் பழக்கதோஷத்தில் காலையில் வந்து நிற்கிறேன். சில நாள் ஒரு சவாரியும் வராது. அலுத்துவிட்டதுடா.

இன்று காலை வண்டியைத் தள்ளிக்கொண்டுவந்து கட்டையை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, புதிதாக வந்திருக்கிற டிராபிக் போலீஸ்காரர் வந்தார். சின்ன வயசு. "பெரியவரே, முன்னாடி தள்ளுங்க. ஒரு வண்டி எடம் காலியா கெடக்குது பாருங்க" என்றார்.

"ஆஸ்பத்திரி போன வண்டியோட எடம் சார்" என்றேன்.

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "எப்ப வரும்?"

"வரும் சார்" என்று சொல்லிவிட்டு, குனிந்து கட்டை சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.