மீனுக்குப் பின்னால் வெளிச்சம்

ஸ்ஃபாக்ஸ்

என் கண்ணின் மணி வஜ்தி, அல்லாஹ் உன்னை அந்தப் பனியிலும் சூடாக வைத்திருக்கட்டும். இங்கே நானும் உன் வாப்பாவும் யுஸ்ராவும் நலம். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது உன் தங்கைதான். பள்ளியை விட்டு நின்றதிலிருந்து எழுத்தை யாரிடமும் காட்ட வெட்கப்படுகிறாள், பிழை இருந்தால் சிரிக்காதே. போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், அதனால்தான் கடிதம்.

என் வலது மார்பில் ஒரு கட்டி இருந்தது, எடுத்துவிட்டார்கள். பதறாதே, முழுக்கப் படி. கட்டியைவிட எனக்குப் பெரிய பயம் கையைப் பற்றித்தான். நோய் அக்குளுக்குப் பரவியிருந்தால் அங்குள்ள நிணநீர் முடிச்சுகளை எல்லாம் வழித்தெடுப்பார்களாம். பக்கத்து வீட்டு ஸக்கியாவுக்கு அப்படி எடுத்த பிறகு கை தலையணை போல வீங்கிக் கிடக்கிறது, ரொட்டி மாவு பிசைய முடியவில்லை, ஒலிவக் கிளையை எட்டிப் பிடிக்க முடியவில்லை. டாக்டர் ருகையா, வயது உன்னுடையதுதான் இருக்கும், புதிதாக ஒரு வழி சொன்னாள். கண்ணுக்கே தெரியாத துகள்களை ஒரு சொட்டு மருந்தில் கலந்து கட்டிக்குப் பக்கத்தில் ஊசி போடுவார்களாம். விளக்கைக் காட்டினால் அந்தத் துகள்கள் உள்ளேயிருந்து ஒளிவிடும், நோய் போகக்கூடிய பாதையிலேயே நடந்து முதல் முடிச்சில் போய் நிற்கும். அந்த ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்து, அது சுத்தமாக இருந்தால் மற்றவற்றைத் தொட வேண்டாம்.

ஊசி போட்டு அறையை இருட்டாக்கினார்கள். கேமராவின் திரையில் பார்த்தேன் மகனே, என் தோலுக்கு அடியில் பச்சையாய் ஒரு நூல் மெல்ல ஊர்ந்து போனது. வெறும் கண்ணால் பார்த்தால் ஒன்றுமில்லை, அந்தக் கேமராவுக்கு மட்டும்தான் தெரிகிறது. என்னைப் படைத்தவன் இப்படி ஒரு பாதையை உள்ளே போட்டு வைத்திருப்பதை இத்தனை வருடம் நான் அறியவில்லையே என்று உடம்பு சிலிர்த்தது.

அந்த நூல் அக்குள்வரை வந்து அறுந்துவிட்டது. அதற்குமேல் ஒரே கறுப்பு. டாக்டரின் முகம் சுருங்கியது, ஒளி போய்ச் சேரவில்லை என்றால் பழையபடி எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதுதான் என்றாள். ஸக்கியாவின் கைதான் என் கண்முன் வந்தது. பிறகு அவள் குனிந்து பார்த்துவிட்டு, விளக்கைப் போடச் சொல்லி, இந்த மீனு எங்கேர்ந்து வந்துச்சும்மா என்று கேட்டாள். உன் தலந்தா பெரியம்மா செய்த வேலை! நான் மருத்துவமனைக்குப் போகும்போது கண்பட்டுவிடும் என்று, மாசிக்காயும் கிராம்பும் காய்ச்சிய ஹர்கூஸ் என்ற கறுப்பு மையால் யாருக்கும் தெரியாத இடமாகப் பார்த்து என் அக்குளில் கொழுத்த மீன் ஒன்றை வரைந்திருந்தாள். அது சோப்புக்கா போகும்? வெளியே நின்றவளை டாக்டர் கூப்பிட்டுக் கேட்டதற்கு, கண்ணு படாம இருக்கத்தான் போட்டேன் டாக்டர், நீ இவ்வளவு பெரிய கேமராக் கண்ணைக் கொண்டு வருவேன்னு நான் என்ன கனவா கண்டேன் என்றாள். டாக்டர் சிரித்து, உங்க மீனு நல்லாத்தான் காவல் காக்குது, என்னையே உள்ளே விடலையே என்றாள். பிறகு விளக்கை அணைத்து, என் கையைத் தலைக்கு மேலே தூக்கித் தோலை ஓரமாக இழுத்துப் பிடித்தாள். மீனின் வால் விலகியது. அதன் பின்னால், ஒலிவக் கொட்டை அளவில், அந்த வெளிச்சம் எனக்காகவே காத்திருந்தது போல நின்றது. பெரியம்மா தேம்பித் தேம்பி அழுதாள்.

அந்த ஒரு முடிச்சைத்தான் எடுத்தார்கள். சோதனையில் அது சுத்தம், அல்ஹம்துலில்லாஹ். மார்புக்கு இன்னும் சிகிச்சை இருக்கிறது, போய்வருவேன். நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வராதே, ஒலிவ அறுவடைக்கு வா. காலையில் வெறும் காப்பியோடு ஓடாதே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. உன் பாதையெல்லாம் அல்லாஹ் ஒளியாக்கட்டும்.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். அதனால் பெயரை யுஸ்ரா எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழே இருக்கும் கோணல் மீன் மட்டும் நான் போட்டது, வலது கையால்.

உன் உம்மா,
மப்ரூக்கா