பாபியிடம் கேட்ட கேள்விகள்

ரெசீடா
செப்டம்பர் 9, 2012

அன்பு மகள் கெல்சிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் ரேயும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், பாஸ்டனில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். ஒரு வாரமாக நூற்றெட்டு டிகிரி வெயில், ஏசி இல்லாத அறைக்கு நாய்கூட வரமாட்டேன் என்கிறது. ரேக்கு முட்டி ஆபரேஷன் ஆகி மூன்று வாரம்தான் ஆகிறது, அந்த மனுஷன் சும்மா இருந்தால்தானே, ஊன்றுகோலோடு போய் அடுத்த வீட்டு நீச்சல்குளத்து மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். கேட்டால் உட்கார்ந்துதானே கழற்றினேன் என்கிறார்.

இப்படியே எழுதிக்கொண்டு போகலாம், ஆனால் எனக்கு வயிறு எரிகிறது, அதைச் சொல்லாமல் மற்றதை எழுத வரவில்லை. ஆகஸ்டில் வேலையாக வந்திருக்கிறேன் என்று சொல்லி ஒரு மதியம் என்னோடு சாப்பிட்டுவிட்டுப் போனாயே, அந்த வேலை பாபி ஸ்ட்ரவுட் என்று ஏன் சொல்லவில்லை? என் வீட்டிலிருந்து அவள் வீடு காரில் பன்னிரண்டு நிமிடம். அவள் சமையலறையில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்து, நீலப்பட நடிகையாக அவள் வாழ்ந்த கதையை உன் வானொலி நிகழ்ச்சிக்காக ஆதியோடு அந்தமாகக் கேட்டிருக்கிறாய். நானும் அவளும் ஒரே வருடம் அந்தத் தொழிலுக்கு வந்தவர்கள், பதினொரு வருடம் ஒரே கேமராக்களுக்கு முன்னால் நின்றவர்கள். உனக்கு முப்பத்துநான்கு வயதாகிறது, அதில் ஒரு நாளாவது என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருப்பாயா?

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், வியாழக்கிழமை நான் வேலை பார்க்கும் செடிக்கடைக்கு அவளே சாமந்தி வாங்க வந்தாள். முகம் கொள்ளாத சிரிப்பு. "என்ன மார்லா, உன் பொண்ணு சொல்லலையா? மூணு நாளும் எங்க வீட்டுலதான்டி. தங்கமான புள்ள, நான் பேசப் பேச கண்ணைக் கொட்டாம கேட்டுச்சு" என்றாள். கையில் எடுத்த தொட்டியோடு அப்படியே நின்றேன். கேசட் அட்டையில் யார் படம் வரும் என்பதுதான் அந்தக் காலத்தில் எங்களுக்குள் போட்டி, அவள் முகம் பதினான்கு அட்டையில் வந்தது, என் முகம் ஐந்தில். லாஸ் வேகாஸில் அவள் விருது வாங்கியபோது எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டினேன், அப்புறம் பாத்ரூமில் போய் அழுதேன். அதெல்லாம் ஆறிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ஆறவில்லை கெல்சி.

அது போகட்டும், இலை ஊதும் மெஷின் கதையைத் தன் கதை என்று உன்னிடம் அளந்ததையும் அவளே கடையில் சொல்லிச் சிரித்தாள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நார்த்ரிட்ஜில் வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டுப் பின்புறத்தில் படப்பிடிப்பு, எங்களைக் கண்டாலே பிடிக்காத பக்கத்து வீட்டுக் கிழவர் வேலியோரம் அந்த மெஷினைப் போட்டுக்கொண்டு, ஒரு இலைகூட இல்லாத தரையை ஊதிக்கொண்டு நிற்கிறார். காது கிழிகிற சத்தம், ஒலிப்பதிவு நடக்கவில்லை, டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பச்சை அங்கியைப் போர்த்திக்கொண்டு ஒரு தட்டில் எலுமிச்சை கேக்கோடு அவரிடம் போனது நான். மனைவி தவறிப்போய் ஆறு மாதம் ஆகியிருந்தது, அவருக்குப் பேச ஆளில்லை, ஒரு மணி நேரம் வெயிலில் நின்று கேட்டேன், மெஷின் நின்றது. பாபி அந்த நேரம் உள்ளே தலையில் ரோலரைச் சுற்றிக்கொண்டு சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள்! என் கதையை நீ எப்படிச் சொல்லலாம் என்று கடையில் பத்துப் பேர் பார்க்கச் சண்டை போட்டேன். அவள் அசரவில்லை. "நீ உன் மகளுக்கு ஒரு தடவையாவது சொல்லியிருந்தா, இது எங்கம்மா கதையாச்சேன்னு அவளே என்னைப் புடிச்சிருப்பாளேடி" என்றாள்.

பிறகுதான் கைப்பையிலிருந்து நான்கு தாள்களை எடுத்தாள், நீ அவள் மேஜையில் மறந்துவிட்டுப் போன கேள்விகள். "கடைசித் தாள்ல இருக்கறத அவ என்கிட்ட கேக்கவே இல்ல. எனக்கேதுடி புள்ள? நீயே வச்சுக்க" என்று கொடுத்துவிட்டுப் போனாள். வீட்டுக்கு வந்து படித்தேன். மூன்று தாள் அவளுக்கு. நான்காவதில் உன் கையெழுத்தில் ஒரே ஒரு கேள்வி, உங்கள் மகளின் பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கு ஒருவரும் வராமல் போனபோது, அது ஏன் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்று. எனக்காக எழுதிய கேள்விகூட என் வீட்டைத் தாண்டி அவள் மேஜைக்குத்தான் போயிருக்கிறது, அதற்கும் எனக்குப் பொறாமைதான்.

தெரியும் கெல்சி. அந்த வாரம் உன் பள்ளியில் நிதி திரட்ட நான் கேக் விற்றபோது ஒரு பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார், எந்தப் படத்தில் பார்த்திருக்கிறார் என்று அவர் முகமே சொன்னது. இரண்டே நாளில் எல்லா அம்மாக்களுக்கும் செய்தி போய்விட்டது. அழைப்பெல்லாம் தபாலில் தொலைந்திருக்கும் என்று உன்னிடம் பொய் சொன்னேன், நீயும் நம்பியதுபோல் தலையாட்டிவிட்டு, ஈரமே ஆகாத நீச்சல் உடையோடு சாயங்காலம் வரை குளத்தோரம் உட்கார்ந்திருந்தாய். திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன். அதற்கப்புறமும் இரண்டு வருடம் போனேன். உன் படிப்புக்காகத்தான் போனேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன், அதுவும் பொய். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பள்ளி வாசலில் என்னிடம் ஒருத்தி பேசமாட்டாள், படப்பிடிப்பில் நான் காரை விட்டு இறங்கினால் அத்தனை பேரும் எழுந்து வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். உன்னைவிட அது பெரிது என்று ஒருநாளும் நினைத்ததில்லை, ஆனால் உனக்காக அதை விடவும் இல்லை. இதை நீ மன்னிக்க வேண்டும் என்று எழுதவில்லை. கேட்டாய், சொல்கிறேன்.

கடவுள் உன்னைக் கண்போலக் காக்கட்டும், போகும் இடமெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும். குளிருக்கு முன்னால் காருக்குப் பனிக்கால டயர் மாற்றிவிடு, ரே இரண்டு முறை சொல்லச் சொன்னார். நவம்பர் விடுமுறைக்கு உன் ஒலிப்பதிவுக் கருவியோடு வா. அவள் வீட்டில் மூன்று நாள் இருந்தாய், என் வீட்டில் நான்கு நாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னை யாருக்கும் விட்டுக்கொடுக்க மனமில்லாத
அம்மா மார்லா