பதினோராம் பிரிவில் அகப்பட்ட கணவன்

அல் குசைஸ், டுபாய்
2-3-1986

அன்பு மகள் கலாவதிக்கு அப்பா எழுதுவது.

சந்நிதி முருகன் காவலில் நானும் அம்மாவும் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம், லண்டன் குளிரில் நீயும் அப்படியே என்று உன் கடிதத்தின் முதல் வரியில் கண்ட பிறகுதான் மிச்சத்தை வாசித்தேன். ஏஜென்சிக்காரர் உன்னை மூன்று மாதத்துக்கு ஒரு ஆஸ்பத்திரி என்று ஓட்டித் திரிவதும், சம்பளத்தில் மூன்றிலொரு பங்கு வரியும் காப்புறுதியுமாகப் போவதும் கேட்டு அம்மா கவலைப்பட்டார். நான் படவில்லை, வரி பிடிக்கிறார்கள் என்றால் அங்கே அரசாங்கம் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். இப்போது அதே ஏஜென்சி டுபாயில் இரண்டு வருட வேலை, வரியில்லாச் சம்பளம், இலவசத் தங்குமிடம் என்று ஒப்பந்தம் நீட்டியிருக்கிறது, இருபதாம் திகதிக்குள் கையெழுத்து வைக்கவேண்டும், பார்த்துச் சொல்லுங்கோ அப்பா என்று பிரதி அனுப்பியிருக்கிறாய். பார்த்தேன். இறைவரித் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் ஊரார் கணக்கைத் துருவியவனுக்கு வருமான வரியே இல்லாத நாட்டில் கிடைத்த முதல் உருப்படியான வேலை இது. ஆனால் அதற்கு முன் போன மாதம் இந்த வீட்டில் நடந்ததை நீ அறியவேண்டும், ஏனென்றால் ஒப்பந்தம் வாசிப்பது எப்படி என்று இந்த வயதில் இடுப்பில் கட்டிய சாரத்தோடு நின்று படித்தவன் நான்.

நான் இங்கே எதற்கு வந்தேன் என்பது உனக்கு முழுதாகத் தெரியாது. அம்மாவின் ஆஸ்பத்திரி ஹொஸ்டலில் ஒரு அறைக்கு நாலு கட்டில், இரவு பத்து மணிக்கு வாசல் பூட்டு. வெளியே தங்கினால் மாதம் அறுநூறு திர்ஹாம் வீட்டுப்படி தருவார்கள். அதனால் அம்மாவும், அவரோடு நர்சாக வேலை செய்யும் ஹட்டன் யோகம்மாவும், மதுரைப் பக்கத்துப் பஞ்சவர்ணமும் சேர்ந்து வருடம் பதினெட்டாயிரத்துக்கு இந்த வீட்டைப் பார்த்தார்கள். மூவரின் படியையும் கூட்டிப் பார், வாடகை போக மூவாயிரத்து அறுநூறு மிச்சம். ஆனால் வீட்டு ஏஜென்ட், கீழக்கரை முகம்மது சித்தீக், குடும்பத்துக்குத்தான் வீடு, மூன்று பெண்கள் தனியாக என்றால் முடியாது என்று விட்டார். அந்தக் குடும்பமாகத்தான் நான் விசிட் விசாவில் வந்து இறங்கினேன். அம்மா இங்கே வந்த பிறகு நாலு வருடம் கொக்குவில் வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டவனுக்கு இது கசக்குமா? வந்து மூன்றாம் நாள்தான் அம்மா மெதுவாகச் சொன்னார், ஆஸ்பத்திரிக் கணக்குப் பகுதியில் கேட்டால் நான் இல்லை என்று சொல்லவேண்டுமாம், புருசன் இங்கே இருந்தால் வீட்டுப்படி வெட்டு என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்களாம். ஆக வீட்டுக்காரருக்கு நான் இருக்கவேண்டும், ஆஸ்பத்திரிக்கு நான் இருக்கக் கூடாது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அம்மாவும் பஞ்சவர்ணமும் டியூட்டியில், யோகம்மா நைட் டியூட்டி முடித்து நித்திரை, நான் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கிறேன். மணி அடித்தது. சித்தீக். ஃபேமிலியாத்தானே இருக்கீங்க அண்ணே, சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன் என்று உட்கார்ந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். அவர் பாதி குடிக்கவில்லை, மறுபடி மணி. ஃபைலோடு ஒரு பொடியன், பெயர் ரவிசங்கர், ஆஸ்பத்திரிக் கணக்குப் பகுதி, திருச்சிக்காரனாம். சிஸ்டர் சிவகொழுந்து ஹஸ்பண்டோட இருக்காங்கன்னு ஒரு தகவல், சார் யாரு என்று கேட்டான். மகளே, பொய்க் கணக்குக் கொண்டுவரும் கடைக்காரரின் முகத்தைப் பார்த்தே எத்தனை ரூபாய் ஒளித்தான் என்று சொன்னவன் நான். அன்றைக்கு என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது, நான் இஞ்ச சமையல், தம்பி என்று வாயில் வந்துவிட்டது. சித்தீக்கின் கோப்பை பாதி வழியில் நின்றது. சமையலா, அப்ப குடும்பத் தலைவர்னு எங்கிட்ட கையெழுத்துப் போட்டது யாரு அண்ணே என்றார். சத்தத்தில் எழும்பி வந்த யோகம்மா, பாவம், என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, இவரு எங்க அப்பாங்க என்றாள். ரவிசங்கர் சமையல் என்று எழுதியதை வெட்டாமல் பக்கத்தில் அப்பா என்றும் எழுதிக்கொண்டான். அந்த நேரம் பார்த்து அம்மா டியூட்டி முடிந்து கதவைத் திறந்துகொண்டு, இஞ்சாருங்கோ, பருப்பு அடிப்பிடிச்ச மணம் கீழ்ப் படி வரைக்கும் வருது, உங்களுக்கு மூக்கில்லையே என்று கேட்டபடி உள்ளே வந்தார். ரவிசங்கர் பேனையை மூடினான். சமையல்காரரை யாரும் இஞ்சாருங்கோன்னு கூப்பிட மாட்டாங்க சார் என்றான்.

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. நான் இவருடைய புருசன்தான், பொய் சொன்னது பிழை, எழுதிக்கொள் தம்பி என்றேன். அம்மா அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். அறுநூறு போனால் இந்த வீடு போகும், வீடு போனால் அவர் ஹொஸ்டலுக்கு, நான் கொக்குவிலுக்கு. ஆனால் பிழை ஒப்புக்கொண்டதும் எனக்குள் இருந்த பழைய உத்தியோகத்தர் விழித்துக்கொண்டார், அந்தச் சட்டம் எந்தத் தாளில் இருக்கிறது, காட்டுங்கோ என்று கேட்டேன். ரவிசங்கரும் தாளைப் பார்த்ததில்லையாம், கணக்குப் பகுதிப் பெரியவர் சொன்னாராம். அம்மா பெட்டியின் அடியில், சேலைகளுக்குக் கீழே கிடந்த தன் ஒப்பந்தத்தை எடுத்துவந்தார். பதினோராம் பிரிவை நானே உரத்து வாசித்தேன். இந்த நாட்டில் உத்தியோகம் பார்க்கும் கணவருடன் வசிப்பவருக்கு வீட்டுப்படி இல்லை, அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. எனக்கு என்ன உத்தியோகம், வெங்காயம் உரிப்பது உத்தியோகமா என்றேன். ரவிசங்கர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, மேலே கேட்டுச் சொல்றேன் சார் என்று போனான், போகும்போது பருப்பை இறக்கச் சொல்லிவிட்டும் போனான். ஒரு கிழமையில் பதில் வந்தது, படி வெட்டவில்லை. அம்மா கணக்குப் பகுதியை நம்பினார், நான் அம்மாவை நம்பினேன், தாளை ஒருவரும் வாசிக்கவில்லை.

இனி உன் தாள். இலவசத் தங்குமிடம் என்றால் தனி அறையா, நாலு கட்டிலில் ஒன்றா என்று எழுதவில்லை, கேள். வேண்டாம் என்றால் காசாகத் தருவார்களா என்றும் கேள். மொத்தச் சம்பளம் பெரிதாகத் தெரிகிறது, ஆனால் அடிப்படைச் சம்பளம் அதில் பாதிகூட இல்லை, மிச்சமெல்லாம் படிகள். வேலை முடிந்து போகும்போது தரும் பணத்தை அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள், ஆகையால் அடிப்படையைக் கூட்டச் சொல். அடுத்தது மனதுக்குக் கஷ்டமானது. இங்கே ஒரே வார்டில் ஒரே வேலைக்கு வெள்ளைக்காரப் பிள்ளைக்கு ஒரு சம்பளம், நம்மவருக்கு ஒரு சம்பளம். இருபத்துநாலு வருடம் ஊசி போட்ட உன் அம்மா, நேற்று வந்த பிள்ளைக்கு நரம்பு பிடிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு அவளுடைய சம்பளத்தில் பாதி வாங்குகிறார். உன் படிப்பு லண்டன், பாஸ்போட் இலங்கை, எதைப் பார்த்துச் சம்பளம் போட்டார்கள் என்று எழுத்தில் கேள். வரி விஷயம், இங்கே இல்லை என்பது உண்மை, அங்கே இல்லை என்று யார் சொன்னது? ஒப்பந்தத்தோடு நீ அனுப்பிய லண்டன் வரிக் கைநூலின்படி முழுதாக ஒரு வருடம் வெளியே வேலை செய்தால்தான் விலக்கு, இடையில் லண்டன் வந்து நிற்கும் நாட்களுக்கும் எல்லை உண்டு. ஏஜென்சிக்காரனிடம் கேளாதே, வரிக் கந்தோருக்கே கடிதம் போடு, பதிலைப் பத்திரப்படுத்து. இவற்றுக்குப் பதில் வராமல் கையெழுத்து வைக்காதே, இருபதாம் திகதி போனால் போகட்டும்.

கடைசியாக ஒரு புதினச் செய்தி. அன்று எல்லாவற்றையும் இருந்து பார்த்த சித்தீக் நேற்று வந்து, அண்ணே, எங்க ஆபீஸ்ல குத்தகைத் தாளை இப்படி வாசிக்க ஆளில்லை, விசா நான் எடுக்கிறேன், மாசம் ஆயிரத்து ஐந்நூறு என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. வேலைக்குப் போன அடுத்த நாளே நான் பதினோராம் பிரிவுக்குள் விழுந்துவிடுவேன், அம்மாவின் அறுநூறு போய்விடும். ஆயிரத்து ஐந்நூறில் அது போக மிச்சம் தொள்ளாயிரம் என்று நான் தாளில் கழித்துக் காட்டிக்கொண்டிருக்க, அம்மா பென்சிலைப் பிடுங்கி வைத்தார். போகட்டும் விடுங்கோ, நாலு வருசத்துக்குப் பிறகு ஒளிக்காமல் ஒரு வீட்டில இருக்கப்போறம், அதுக்கு நான் கட்டுற வரி எண்டு நினையுங்கோ என்றார். முப்பத்தொரு வருடத்தில் சிரித்துக்கொண்டு வரி கட்டிய ஒருவரையும் நான் கண்டதில்லை மகளே. அடுத்த மாதம் முதலாம் திகதி வேலைக்குப் போகிறேன்.

நீ வந்தாலும் அங்கேயே நின்றாலும் முருகன் உன் கூட நிற்பான், உடம்பைக் கவனித்துக்கொள், நைட் டியூட்டிக்குப் பிறகு வெறும் வயிற்றோடு படுக்காதே. ஒப்பந்தத்தின் நாலாம் பக்கம் நீ அனுப்பிய பிரதியில் இல்லை, அதை உடனே அனுப்பு.

இப்படிக்கு,
வரி கட்டுபவரின் கணவரும் உன் அன்பு அப்பாவுமான
சி. பத்மநாதன்